பாட்டும் பெயரும்

கடற்கரையிலே பிறந்தவர்க்குத் தாலாட்டுப் பாடும் குரல்கள் இரண்டு. ஒன்று ஈன்ற தாயின் குரல். மற்றொன்று அலையின் குரல். இராமேசுவரம் தீவில், பாம்பனுக்கு அணித்தாகிய ஒரு சிற்றூரில் பிறந்த எனக்கு மூன்றாவது குரல் ஒன்றும் வாய்த்தது. அது விடியற்காலையில் கரைவலை இழுப்போர் எழுப்பும் அம்பாப் பாட்டு.

வலையின் இருபுறக் கயிறுகளையும் ஆடவரும் பெண்டிரும் இரண்டு வரிசையாக நின்று இழுப்பர். முதியவர் ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார். ஏனையோர் 'ஏலேலோ' என்று அதனைத் தாங்கி நிற்பர். தாளத்திற்கு ஏற்பக் கால்கள் பின்வாங்கும். கயிறு சாண் சாணாகக் கரையேறும். முதலடி எடுப்பவர், நேற்றுப் பாடியதை இன்று அப்படியே பாடமாட்டார். காற்றின் திசை, மீனின் விலை, கயிற்றின் கடைசியில் சோம்பி நிற்கும் இளைஞனின் பெயர் என எல்லாம் பாட்டினுள் வந்து புகும். அப்பாட்டு யாருடையது? கயிறு பிடித்த கைகள் எத்தனையோ, அத்தனை பேருடையதும் ஆகும்.

சிறுவயதில் யான் கண்ட மற்றொரு காட்சியும் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழருட் பெரும்பாலோர், அந்நாட்டின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், நம் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி, அம்மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. ஆதலின், பிற்பாடு தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட கப்பல் இராமேசுவரத்திற்கே வந்தது. 1984 வரை அக்கப்பல் ஓடிற்று.

எனக்குப் பத்து வயதிருக்கும். தந்தையாரின் கைபிடித்துத் துறையருகே நின்றேன். தகரப் பெட்டிகளும் துணி மூட்டைகளும் சுமந்து மக்கள் இறங்கினர். மூட்டையொன்றின்மேல் அமர்ந்த மூதாட்டி, மடியிலே கிடந்த பேரனைத் தட்டிக்கொண்டே மெல்லப் பாடினார். தாலாட்டா, ஒப்பாரியா என்று பிரித்துணர இயலாத பாட்டு அது. "இவர்கள் எந்த ஊருக்கப்பா போகிறார்கள்?" என்றேன். "அவர்களுக்கே தெரியாதடா" என்றார் தந்தையார். அம்மூதாட்டியின் குரல் என் நெஞ்சிலே தங்கிவிட்டது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, அக்குரலை யான் மீண்டும் கேட்பேன் என்று கனவிலும் கருதவில்லை. பள்ளியில் தமிழாசிரியப் பணி முடித்து ஓய்வு பெற்றிருந்தேன். 2021 ஆம் ஆண்டு, என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். மீனவர் குடும்பத்துப் பிள்ளை. இப்போது கணினியின் துணைகொண்டு இசை ஆக்குபவன். ஹிப்-ஹாப் என்பது அவன் பயிலும் இசை. தாளத்தின்மேல் சொல்லை அடுக்கும் சொல்லிசை அதன் உயிர். அவன் தன் கைப்பேசியில் ஒரு பாட்டை ஒலிக்கச் செய்தான். அதுதான் 'என்ஜாய் எஞ்சாமி'.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, தீ என்னும் பாடகியார், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவரும் கூடி ஆக்கிய அப்பாட்டு, 2021 மார்ச்சு 7 ஆம் நாள் வெளிவந்தது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். அத்தகைய முன்னோரின் உழைப்பையும் மண்ணையும் அப்பாட்டு நினைவுகூர்கின்றது. பேரனை அன்பொழுக அழைக்கும் விளியே 'எஞ்சாமி' என்பது. ஒப்பாரியின் சாயலும் தாலாட்டின் குழைவும் அதிலே கேட்டன. எனக்குத் துறையருகே கண்ட மூதாட்டி நினைவுக்கு வந்தார். கண்கள் கலங்கின. மாணவன் திகைத்துப் போனான்.

சில திங்கள் சென்றபின் அவன் மீண்டும் வந்தான். "ஐயா, அதே பாட்டைப் பிரான்சு நாட்டு இசைஞர் டி.ஜே. ஸ்நேக் என்பவர் ரீமிக்ஸ் செய்திருக்கிறார்" என்றான். அச்சொல்லின் பொருளை விளக்குமாறு கேட்டேன். ஆசிரியன் மாணவனாகவும் மாணவன் ஆசிரியனாகவும் அமர்ந்தோம்.

பாட்டைப் பதிவு செய்யும்போது, குரல் ஓர் இழையாகவும் பறை ஓர் இழையாகவும் நரம்புக் கருவி ஓர் இழையாகவும் தனித்தனியே பதியப்படும். ரீமிக்ஸ் செய்வோர் நெய்த துணியைப் பிரிப்பதுபோல் அவ்விழைகளைப் பிரித்து, வேண்டுவன கொண்டு, வேண்டாதன நீக்கி, புதிய தாளம் சேர்த்து வேறொரு துணியாக நெய்வர். ஜமைக்காத் தீவின் ஒலிப்பதிவாளர் முன்னரே இம்முறையைக் கையாண்டனர். அத்தீவிலிருந்து நியூயார்க்கு நகரில் குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர், 1973 ஆகஸ்டு 11 அன்று நடந்த விருந்தொன்றில், இசைத்தட்டில் முரசு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். ஹிப்-ஹாப் இசையின் பிறந்தநாள் அதுவென்பர். கடல் கடந்து போனவரின் இசையே அதுவும் என்றறிந்தபோது, எனக்கு அதன்மேல் அன்பு பிறந்தது.

"பிறர் பாட்டைப் பிரித்து மாற்றுவது பிழையல்லவா ஐயா?" என்று அவன் கேட்டான். "தம்பி, பிழையன்று" என்றேன். நெய்தல்நில மக்கள் பாடிய வரிப்பாட்டைக் கானல்வரியாக்கிக் காப்பியத்துள் வைத்தவர் இளங்கோவடிகள். நம் மாவட்டத்து உத்தரகோசமங்கையைப் போற்றும் திருப்பொன்னூசல், மகளிர் ஊஞ்சலாடிப் பாடும் பாட்டின் வடிவிலே மாணிக்கவாசகர் வார்த்தது. பழம்பாட்டு புதுமெட்டில் வாழ்வது தமிழுக்குப் புதிதன்று.

ஆயினும், அவன் முகம் தெளியவில்லை. நியூயார்க்கு நகரத்து விளம்பரப் பலகையொன்றில் அந்த ரீமிக்ஸுக்காக டி.ஜே. ஸ்நேக்கின் உருவமும் தீயின் உருவமும் விளங்கின. அறிவின் உருவம் அங்கில்லை. அதுபற்றிப் பலரும் வினவினர். மறுவருடம் சூலை 28 இல், மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அப்பாட்டுப் பாடப்பட்டது. தாமே அதனை எழுதி, மெட்டமைத்துப் பாடியதாக அறிவு எழுதினார்; சந்தோஷ் நாராயணனும் தீயும் தத்தம் பங்கை விளக்கினர். யார் பங்கு எத்துணை என்று அளந்து கூற யான் அவ்விடத்தில் இருந்தவனல்லேன். ஆனால், பலர் கூடிச் சமைத்த பாட்டில் ஒருவர் பெயர் மறைந்தாலும், அவர் நெஞ்சு புண்படும் என்பதை யாவரும் உணரலாம்.

சென்ற ஆண்டு, அம்மாணவன் தானும் ஒரு ரீமிக்ஸ் செய்தான். நண்பர் நால்வர் சேர்ந்து ஆக்கிய பாட்டு அது. ஒருவன் எழுதினான், ஒருத்தி பாடினாள், ஒருவன் பறை முழக்கினான், ஒருவன் பதிவு செய்தான். கடற்கரையிலே பதிந்த இழைகளைப் பிரித்து, ஒரு திங்கள் இரவும் பகலும் உழைத்ததாகச் சொன்னான். "முதலில் அலையோசையையும் மூச்சொலியையும் துடைத்துத் தூய்மை செய்தேன் ஐயா. பாட்டு அழகாக இருந்தது, ஆனால் உயிரில்லை. பிறகு மூச்சைத் திரும்பச் சேர்த்தேன். இழைகளைத் தனித்தனியே கேட்டபோதுதான் ஒவ்வொருவரும் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது" என்றான்.

பாட்டைக் கேட்டேன். முரசதிர்வின் நடுவே, யான் நன்கறிந்த அம்பாவின் முதலடி எழுந்தது! முடிவில் பெயர்ப் பட்டியலைக் காட்டினான். நால்வர் பெயருக்கும் கீழே, 'அம்பாப் பாட்டு' என்று குறித்து என் பெயரை எழுதியிருந்தான். முப்பது ஆண்டுகட்கு முன், மலரொன்றில் யான் எழுதிய கட்டுரையிலிருந்து அவ்வடியை எடுத்தானாம். பெருமையோடு என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கோ, சுருக்கென்று முள் தைத்தாற்போல் இருந்தது. அக்கட்டுரைக்காகப் பல காலைகள் கரையிலே அமர்ந்து, முதியவர் ஒருவர் பாடப் பாட எழுதிக்கொண்டவன் யான். ஐந்து பாட்டுகளை அச்சிட்டேன். இறுதியில் என் பெயரை இட்டேன். பாடியவர் பெயரை இடவில்லை. "யார் ஐயா பாடியது?" என்று மாணவன் வினவினான். வலக்கையில் கயிறு அறுத்த தழும்பு நினைவுக்கு வந்தது, புகையிலை மணக்கும் சிரிப்பும் வந்தது, பெயர் வரவில்லை. மறந்தேன் என்பதும் பொய். யான் ஒருநாளும் அதனைக் கேட்கவேயில்லை. பிறர் பெயர் மறைந்தது குறித்து நீதி பேசிய என் நாவு அப்போது எழவில்லை.

அன்று மாலையே இருவரும் கரைக்குச் சென்றோம். முதியோர் சிலர், "முதல்குரல் எடுப்பாரே, அவரா?" என்றனர். ஆளை அறிந்தோர் இருந்தனர்; அவர் இறந்து பல்லாண்டாயிற்று; பெயரைத் துணிந்து சொல்வார் ஒருவரும் இலர். உள்ளம் சோர்ந்து மணலிலே அமர்ந்தபோது, நம் முன்னோர் வழிகாட்டினர். சங்கப் பாட்டுகளைத் தொகுத்த சான்றோர், புலவர் பெயர் தெரியாத இடத்து, அவர் பாட்டிலே ஒளிவீசும் தொடரையே அவர்க்குப் பெயராக்கினர். கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார் என்பன அவ்வாறு பிறந்த பெயர்களே. ஆக்கியோர்க்கு உரிய இடத்தைத் தொகுத்தோர் தாம் கவர்ந்துகொள்ளவில்லை. அவர்கள் நூலைக் கற்பித்தே சோறுண்ட யான் அந்த அறத்தைக் கல்லாமற் போனேன்.

மாணவன் பட்டியலைத் திருத்தினான். என் பெயர் இருந்த இடத்தில், 'முதற்குரல்: பாம்பன் கரையில் கயிறிழுத்த முதியவர்' என்று எழுதினான். "எழுதிக்கொண்டவர் என்று உங்கள் பெயரை அடியில் வைக்கலாமா ஐயா?" என்றான். "அது மெய்யானால் வை" என்றேன். அவ்வாறே வைத்தான்.

மாணவர்களே! நீங்களும் கூடிச் செய்யும் செயல்கள் பல உண்டு. நாடகம் நடிப்பீர், கையெழுத்து ஏடு நடத்துவீர், நாளை கணினியிலே பாட்டும் ஆக்குவீர். பழையதை எடுத்துப் புதியது செய்க, அஞ்சவேண்டா. ஆனால், எடுத்த இடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பதை மறவாதீர். அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போதே, "ஐயா, தங்கள் பெயர் என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். யான் கேளாது விட்ட அவ்வொரு வினாவுக்கு, இன்று அலையோசையன்றி வேறு விடையில்லை.