உருண்டைக் கற்கள்

ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதைகளை எடுத்துக்கொண்டு, இது உத்தமம், இது மத்திமம், இது அதமம் என்று தரம் பிரித்து அபிப்பிராயம் சொல்வது பொழுதுபோகாதவர்களின் வேலை என்றே பலரும் எண்ணுவார்கள். ஆயினும் ஒருவன் எந்தக் கதையை உத்தமம் என்கிறானோ அந்தத் தேர்வில் அவன் வாழ்ந்த தெருவின் காற்றும் அவன் தகப்பனார் பார்த்த உத்தியோகமும் கலந்திருக்கின்றன என்பதை நான் அனுபவத்தில் கண்டவன். ஆகையால் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் பழைய அமெரிக்க விஞ்ஞானத் தொடரின் இரண்டு கதைகளைப் பற்றி, ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு ரசிகன் என்ற முறையில், என் மனத்தில் பட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கிய அந்தத் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 கதைகளைச் சொல்லி, 1969 ஜூன் மாதத்தில் முடிவுற்றது. நமக்கு அது எண்பதுகளில் தூர்தர்ஷன் வழியாக வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ராயப்பர் கோயில் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் வேளையில், தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த ஒரே வீட்டின் கூடத்தில் பிள்ளைகள் நாங்கள் முண்டியடித்து உட்கார்ந்து, ஆங்கிலம் ஒரு வார்த்தையும் விளங்காமல், ஸ்பாக் என்னும் பாத்திரத்தின் கூரிய காதுகளையும் என்டர்பிரைஸ் கப்பல் நட்சத்திரங்களுக்கிடையே பிரயாணம் செய்வதையும் பார்த்து வாய் பிளந்திருந்தோம். அப்போது பார்த்தவை காட்சிகள் மட்டுமே. கதைகளைப் பார்த்தது வெகு காலம் கழித்து, 2011இல், பர்மா பஜாரில் ஒரு கடையில் அத்தொடரின் குறுந்தகடுகள் முழுவதும் கிடைத்தபோதுதான்.

என் தகப்பனார் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்த அந்த உத்தியோகத்தில், அயல்நாட்டு மாலுமிகளோடு பேசிப் பேசியே அவருக்கு ஆங்கிலம் கைவந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளொரு கதையாக இருவரும் பார்த்தோம். ஒரு நல்ல பெண் சாலை விபத்தில் மாண்டால்தான் சரித்திரம் நேராகும் என்று அறிந்து, அவளை நேசித்த, கப்பலின் கேப்டன் கிர்க்கே அவளைக் காப்பாற்றாமல் நிற்கும் ‘சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபார்எவர்’ என்னும் கதையை உலகமே சிரேஷ்டமானது என்று கொண்டாடுகிறது, நானும் கொண்டாடினேன். ஸ்பாக்கின் மூளையையே திருடிக்கொண்டு போகும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டோம். ஆனால் நைனா ஒவ்வொரு கதை முடிந்த பிறகும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “வேலை செய்யறவன் எங்கடா இருக்கான் இதுல?” கப்பலின் தளபதிகளும் தூதர்களும் கிரகங்களின் அதிபதிகளுமே பேசிக்கொண்டிருக்கும் அந்தத் தொடரில், அவருடைய கேள்விக்கு முழுமையாக விடை சொன்ன கதைகள் என்று நான் கண்டவை இரண்டு. இரண்டும் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியவை.

முதலாவது, 1967 மார்ச் 9ஆம் தேதி ஒளிபரப்பான ‘தி டெவில் இன் தி டார்க்’, அதாவது ‘இருட்டில் ஒரு பிசாசு’. ஒரு தூரத்துக் கிரகத்தின் ஆழ்ந்த சுரங்கங்களில், பாறையையே நீர்போல் துளைத்துச் செல்லும் ஏதோ ஒரு ஜந்து, தொழிலாளர்களை ஒருவர் பின் ஒருவராக எரித்துக் கொல்கிறது. கிர்க்கும் ஸ்பாக்கும் அதைத் தேடிப் போகிறார்கள். காயமுற்றுக் கிடக்கும் அதன் உடலைத் தொட்டு அதன் மனத்தோடு தன் மனத்தை ஒன்றாக்கும் ஸ்பாக், அதன் வேதனை தாங்காமல் அலறுகிறான். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. சுரங்கத்தின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்காகக் கிடந்த உருண்டைக் கற்களை, இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தொழிலாளர்கள் உடைத்தெறிந்துகொண்டிருந்தார்கள். அவை கற்களல்ல, ஹோர்ட்டா என்னும் அந்த ஜீவனின் முட்டைகள். ஐம்பதினாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் மடிந்து, முட்டைகளைக் காக்க ஒரே ஒரு ஹோர்ட்டா எஞ்சுமாம். அந்த ஒன்றுதான் கொன்றது. கொத்தனார் சுவருக்குக் காரை பூசுவதுபோலக் கப்பலின் டாக்டர் மெக்காய் அதன் காயத்தில் சாந்து அப்பிக் குணப்படுத்துகிறார். குஞ்சுகள் பொரித்துச் சுரங்கம் தோண்ட, மனிதர்கள் கனிமத்தை எடுத்துக்கொள்ள, இரு சாராரும் அண்டை அயலாராய் வாழ்கிறார்கள்.

கதை முடிந்ததும் நைனா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பேயின்னு தேடிப் போனாங்க, தாயா இருந்துச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க், பழைய ஸ்டார் டிரெக்கில் தமக்கு நினைவில் நின்ற ஒரே கதை இதுதான் என்று 1995இல் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானப் புனைகதையின் மகாமேதை ஒருவரும், ராயபுரத்து டாலி கிளார்க் ஒருவரும் ஒரே கதையிடம் வந்து நின்றார்கள் என்பது எனக்குப் பெருமிதம் தருகிறது.

இரண்டாவது, 1969 பிப்ரவரி 28ஆம் தேதி வந்த ‘தி கிளவுட் மைண்டர்ஸ்’. ஆர்டானா என்னும் கிரகத்தில், மேகங்களுக்கிடையே மிதக்கும் ஸ்ட்ராட்டோஸ் என்ற நகரத்தில் சிலர் சித்திரமும் சங்கீதமும் தத்துவ விசாரமுமாய் வாழ்கிறார்கள். கீழே, புழுதி மண்டிய சுரங்கங்களில், டிராக்லைட்டுகள் என்று இகழப்படும் தொழிலாளர்கள் தாது வெட்டுகிறார்கள். இவர்கள் பிறவியிலேயே மந்தபுத்தியும் மூர்க்கமும் உள்ளவர்கள் என்று மேலே இருப்பவர்கள் சித்தாந்தம் வகுத்திருக்கிறார்கள். மெக்காயோ, தாதுவிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத வாயுவே அறிவை மழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறார். மேகநகரத்து அதிகாரியையும் தொழிலாளர் தலைவி வான்னாவையும் தன்னோடு ஒரு குகைக்குள் அடைத்து, வாயு எவரையும் மூர்க்கராக்கும் என்று கிர்க் நிரூபிக்கிறார். முடிவில் தொழிலாளர்களுக்கு வாயுவை வடிகட்டும் முகமூடிகள் வந்து சேர்கின்றன, கப்பல் புறப்பட்டுவிடுகிறது.

முதல் பாதியில் நான் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் பகுதியைப் பற்றி மற்றவர்கள் சொல்லக் கேட்டிருந்த வசைகளுக்கெல்லாம் யாரோ பதில் சொல்கிறார்கள் என்று தோன்றியது. முடிவு அந்த நிமிர்வைத் தாழ்த்திவிட்டது. சுரங்கம் கீழேயே இருக்கிறது, நகரம் மேலேயே இருக்கிறது, நடுவில் ஒரு முகமூடி வந்திருக்கிறது. இதற்குப் பெயர் நியாயமா? மூலக்கதையைக் கொடுத்த டேவிட் ஜெரால்டே, முகமூடியில் போய் முடிந்த இந்த முடிவைப் பிற்பாடு குறைகூறியிருக்கிறார்.

நாங்கள் இந்தக் கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, அக்டோபர் முதல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் கையாளப்படுவது நின்று, அந்தக் கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எங்கள் ஜன்னலில் வந்து படிந்த துறைமுகத்துக் கரித்தூளைக் காலையும் மாலையும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன அம்மாவின் கைகளுக்கு ஓய்வு வந்தது என்று நான் மகிழ்ந்தேன். அந்தக் கரி போய் இறங்கும் இடத்திலும் ஜன்னல்கள் இருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு முகமூடி. அதை நான் நியாயம் என்று எண்ணிக்கொண்டேன்.

எண்ணூரின் கழிமுகத்தில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், இருளர்கள் வாயில் பறியைக் கவ்விக்கொண்டு சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பார்கள். சேற்றுக்குள் எது முட்டை, எது குஞ்சு, எது கல் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். அந்தச் சேற்றின் மேல் அனல் மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கிறது. நகரத்தின் மாடிகளில் குளிர்சாதனங்களை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கத்து உலைகளில்தான் பிறக்கிறது. வெளிச்சம் தெற்கே போகிறது, சாம்பல் அங்கேயே தங்குகிறது. 2023 டிசம்பர் 26 இரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடியில் செல்லும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட இரவில் எனக்கு ஆர்டானாவின் குகைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் குகைக்குள் கூட்டிச் சென்று அடைத்து வைத்து உண்மையை உணர்த்த, மேகநகரத்து அதிகாரி எவரும் அங்கே இல்லை.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். ‘கிளவுட் மைண்டர்ஸ்’ அநீதியைச் சரியாகக் கண்டுபிடித்து, அதைத் தாங்கிக்கொள்ள ஓர் உபாயம் சொல்லி முடிந்துவிட்ட கதை. ‘டெவில் இன் தி டார்க்’ அதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. ஏனெனில் அதில் வரும் தொழிலாளர்கள், தாங்கள் உடைத்தவை முட்டைகள் என்று தெரிந்த கணத்திலேயே தடிகளைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அறியாமல் செய்த குற்றத்துக்கு அந்தக் கதையில் மன்னிப்பு உண்டு. அறிந்த பிறகும் உடைப்பவனுக்கு அதில் இடமே இல்லை. எண்ணூர்ச் சேற்றில் என்ன கிடக்கிறது என்று நமக்குத் தெரியாத காலம் கடந்துபோய்விட்டது.

வடசென்னைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நான் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். இந்த இரண்டு கதைகளையும் உங்கள் மாணவர்களுக்குத் தமிழில் விளக்கிக் காட்டுங்கள். எந்த முடிவு சரி என்று அவர்களையே கேளுங்கள். பிறகு ஒரு நாள், தண்ணீர் வடிந்திருக்கும் வேளையாகப் பார்த்து, அவர்களை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பறி வைத்திருக்கும் ஓர் இருளர் அம்மாவிடம், இந்தச் சேற்றில் முன்பு என்னென்ன கிடைத்தன என்று பிள்ளைகள் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.