நூடுல்ஸ் இருக்கு, பேப்பர் இல்லே!

கொல்கத்தா போனால் ரசகுல்லா சாப்பிடுங்கள், டிராம் ஏறுங்கள், ஹௌரா பாலம் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் டாக்ஸிக்காரரிடம் 'டாங்க்ரா' என்று சொல்லிவிடுங்கள். ஊரின் கிழக்கே இருக்கும் சைனா டவுன். நானும் சில்லி சிக்கனுக்காகத்தான் போனேன். பொய் சொல்வானேன்!

அங்கே ஒரு காளி கோயில். சீனர்களும் கும்பிடுகிறார்கள். பிரசாதம் என்ன தெரியுமா? நூடுல்ஸ்!

டாங்க்ரா சீனர்களில் பெரும்பாலோர் ஹக்கா வகுப்பினர். பரம்பரைத் தொழில், தோல் பதனிடுவது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தோல் பட்டறைகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது. பிறகு பட்டறைகள் குறைந்தன, ஹோட்டல்கள் பெருகின.

சாப்பிட்ட ஹோட்டலில், கல்லாவில் இருந்த சீனரிடம், "இங்கே சீன மொழியில ஒரு தினசரி வந்ததாமே?" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். என்னைவிட நல்ல இந்தியில் பதில் வந்தது.

"அதுவா சார்? நின்னு போச்சு. அப்பா இருந்தவரைக்கும் வாங்கினோம். எனக்குப் பேசத்தான் தெரியும். படிக்க வராது."

ஒரு பத்திரிகையின் மொத்தக் கதையும் இந்த நாலு வரிதான்!

1962 சீன யுத்தத்தின்போது இங்குள்ள சீனர்களைச் சந்தேகப்பட்டு, சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகள், கிழவர்கள் உள்பட. அந்த ரணம் ஆறாத 1969-ல், லீ யூன் சின் என்பவர் கொல்கத்தாவில் ஒரு சீனத் தினசரியைத் துவக்கினார். தைரியம்தான்! பெயர் 'ஓவர்சீஸ் சைனீஸ் காமர்ஸ் இன் இந்தியா'. ஜனங்கள் வாயில் 'சியோங் பாவ்'. அதாவது, வணிகப் பத்திரிகை.

நாலே பக்கம். கொல்கத்தா இங்கிலீஷ் பேப்பர்களிலிருந்து மொழிபெயர்த்த செய்திகள், கூடவே சீனா, தைவான், ஹாங்காங் சமாசாரம். இங்கிலீஷ் தெரியாத கிழவர்களுக்கு உலகமே அந்த நாலு பக்கம்தான்.

2020 மார்ச்சில், லாக்டவுனுக்குச் சில நாள் முன்பு கடைசி இதழ் வந்தது. ஆசிரியர் குவோ சாய் சாங் அந்த ஜூலையில் காலமானார். பேப்பர் திரும்ப வரவில்லை.

கொரோனா மேல் பழி போடுவது சுலபம். ஆனால் வியாதி பழசு. பிள்ளைகள் இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போனார்கள். படித்ததும் பலர் கனடாவுக்குப் பறந்தார்கள். டொராண்டோவில் இன்று 'ஹக்கா' போர்டு போட்ட ஹோட்டல்களில் நம்ம ஊர் சில்லி சிக்கன் கிடைக்கிறது. ருசி கப்பல் ஏறிவிட்டது, எழுத்துதான் ஏறவில்லை.

கான்வென்டில் படிக்கும் அக்கா பையனிடம் நாளைக் காலையில் தமிழ்ப் பேப்பரைக் கொடுத்து ஒரு தலைப்பை வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் சிரிக்காதீர்கள். டாங்க்ராவிலும் முதலில் சிரித்திருப்பார்கள்.