பாட்டி கொண்டு வந்த காய்ச்சல்



அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கொசு ஒழிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது ஒரு தந்தையார் எழுந்து, "செம்பனைத் தோட்டத்துக்கு வரும் அந்நியத் தொழிலாளிகள்தாம் இந்த நோய்களையெல்லாம் கொண்டு வருகிறார்கள்" என்றார். பலரும் தலையசைத்தனர். எனக்கு மட்டும் என் பாட்டியின் நினைவு வந்தது.

போர் முடிந்த பின் வந்த ஆண்டுகளில், உலு லங்காட் மலைப்பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஜெஞ்சாரோமுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். வந்த சில வாரங்களில் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா கொடுத்ததும் தணிந்தது. பின்னர் மீண்டும் வந்தது. அடுத்த லயத்தில் இரு குழந்தைகளுக்கும் அதே காய்ச்சல் வரவே, "மலைத்தோட்டத்துக்காரி கொண்டு வந்துவிட்டாள்" என்று பேச்சு எழுந்தது. அக்குழந்தைகளில் ஒன்று பிழைக்கவில்லை. குழாயடியில் பெண்கள் விலகி நின்றதைப் பாட்டி தம் எண்பதாம் வயதிலும் மறக்கவில்லை.

அந்தப் பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருந்தது. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மல்கம் வாட்சன் கண்டறிந்தது இதுதான்: கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டி வடிகால் அமைத்தால் மலேரியா குறைகிறது, மலைச்சரிவில் காட்டை வெட்டினாலோ, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வேறோர் அனோபிலிஸ் கொசு பெருகி, நோய் கூடுகிறது. மலையிலிருந்து வந்தவர் நோயோடு வந்திருக்கக்கூடும். ஆயினும் 'கூடும்' என்பது சான்றாகுமா?

இதற்கு இன்று அறிவியலில் ஒரு வழி உண்டு. நம் தொழிலிலிருந்தே சொல்கிறேன். இரு மாணவர்களின் கட்டுரையில் ஓரிரு சொற்கள் ஒத்திருந்தால் நாம் ஐயுறுவதில்லை. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் வரிக்கு வரி, பிழைக்குப் பிழை ஒத்திருந்தால், இருவரும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் என்று அறிந்துகொள்கிறோம். ஒத்திருக்கும் பகுதி நீளமாக இருந்தால் பார்த்தெழுதியது அண்மையில். பல கை மாறி, பல ஏடுகள் கலந்துவிட்டால் சிறு சிறு துண்டுகளே ஒத்திருக்கும்.

மலேரியா ஒட்டுண்ணியின் பதினான்கு குரோமோசோம்களையும் ஆய்வாளர்கள் இவ்வாறே ஒப்பிடுகின்றனர். மனிதக் குருதியில் அது தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுகிறது. கலப்பு நிகழ்வது கொசுவின் வயிற்றில்தான். ஒரே கொசு இரு வேறு வகைகளை உறிஞ்சினால் அவற்றின் மரபணுக்கள் வெட்டி ஒட்டப்படுகின்றன. ஒரு வகை மட்டுமே இருந்தாலோ, பிறப்பதும் அதன் நகல்தான். ஆகவே நோய் மலிந்த ஊரில் ஒட்டுண்ணிகள் பலவாறாகக் கலந்திருக்கும். நோய் அருகிய ஊரில் எல்லாம் உடன்பிறப்புகளாகவோ நகல்களாகவோ இருக்கும்.

சபாவில் அப்படித்தான் கண்டனர். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்குத் திரட்டிய 51 வைவாக்ஸ் மாதிரிகளைத் தாய்லாந்து, இந்தோனேசிய மாதிரிகளோடு ஒப்பிட்டது. சபா மாதிரிகளில் 54 விழுக்காடு ஒன்றுக்கொன்று நகல்கள். நோயாளிகள் குறைந்துகொண்டே வந்த காலத்தில் ஒரே குடும்பத்து ஒட்டுண்ணி பாதிக்கு மேல் பரவியிருந்தது! எண்ணிக்கை குறைகிறது என்று மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திராது.

வைவாக்ஸ் வகைக்கு இன்னொரு தந்திரமும் உண்டு. அது கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும். கொயினா குருதியில் உள்ளதைக் கொல்லுமே தவிர, உறங்குவதைத் தொடாது. பாட்டிக்குத் திரும்பத் திரும்ப வந்தது பழைய காய்ச்சலா, ஜெஞ்சாரோமில் புதிதாய்க் கடித்த கொசுவினாலா? இரு முறை எடுத்த குருதியிலும் இருந்த ஒட்டுண்ணிகளின் உறவைப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த இரு குழந்தைகளின் குருதியையும் உடன் வைத்துப் பார்த்தால், பாட்டியின் மேல் விழுந்த பழியையும் தீர்த்திருக்கலாம். உண்மையென்றே ஆகியிருந்தாலும் ஆகட்டும். ஐயத்தோடு வாழ்வதை விட அது மேல் என்று நான் நினைக்கிறேன். பாட்டி எப்படி நினைத்திருப்பாரோ!

2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றிய மனித மலேரியா பதிவாகவில்லை. இப்போது ஆயிரக்கணக்கில் காணப்படுவது குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலசி மலேரியா. 2004இல் சரவாக்கின் கபிட்டில் பல்பீர் சிங் குழுவினர் அதைப் பரவலாகக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். அதிலும் நீள்வால் குரங்கின் வழி வந்தது ஒன்று, பன்றிவால் குரங்கின் வழி வந்தது வேறொன்று என மரபணுக்கள் பிரித்துக் காட்டின. இதற்கு எந்த நாட்டுத் தொழிலாளியைக் குறை சொல்வது? கூட்டத்தில் நான் இதைக் கேட்டேன். அந்தத் தந்தையார் சிரித்துவிட்டு, "அப்படியானால் குரங்குக்குக் கடப்பிதழ் கேட்க வேண்டியதுதான்" என்றார். அவையும் சிரித்தது. மறுமொழியாக அதை ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது, ஒரு மாணவி, "ஐயா, பாட்டியின் இரத்தம் இருந்தால் இப்போதும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். 1940களில் ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில் நோயாளிகளின் குருதி பூசிவைத்த கண்ணாடித் தகடுகளிலிருந்து, 2016இல் வெளியான ஆய்வொன்றில் ஒட்டுண்ணியின் மரபணுவைப் படித்திருக்கிறார்கள்.

தோட்டத்து டிரெசர் விரலில் குத்தி, கண்ணாடியில் ஒரு சொட்டு தேய்த்துக்கொண்டு போனதாகப் பாட்டி சொல்வார். வலித்ததாம். அந்தக் கண்ணாடி எங்கே போயிற்று என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை.