வண்டியூரில் ஒரு வலம்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசிக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்த் தூணைக் கட்டிப் பிடிக்கப் பார்த்துக் கை எட்டாமல் சிரிக்கிறார்கள். சுங்குடிச் சேலை இரண்டு, மல்லிகை நாலு முழம், ஒரு ஜிகர்தண்டா. அவ்வளவுதான், ரயில் ஏறிவிடுகிறார்கள். கோயிலுக்குக் கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வண்டியூரை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

வண்டியூர் என்றால் எந்த வண்டியூர்? வைகைக்கு வடகரையில் இருக்கிறது வண்டியூர் என்ற ஊர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் போய்த் தங்கும் வீரராகவப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. தென்கரையில் வண்டியூர் மாரியம்மன் கோயிலும், அதன் எதிரே சமுத்திரம் போல் விரிந்த தெப்பக்குளமும். ஓர் ஊரின் பெயரை இரண்டு கரைகளும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன!

தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டுவித்தார். மகால் கட்டச் செங்கல் அறுப்பதற்காக இங்கே மண் எடுத்தார்களாம். தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் வீற்றிருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று சொல்வார்கள். பிள்ளையார் சதுர்த்தியன்று மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்களே, அந்தப் பிள்ளையார்தான்!

குளத்தின் நீளம் சுமார் 304 மீட்டர், அகலம் 290 மீட்டர். நாலு பக்கமும் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு படித்துறைகள். நடுவே சோலை சூழ்ந்த மைய மண்டபம். வைகையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வர வழி செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வழி தூர்ந்துபோய், பல வருஷங்கள் குளம் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் நகராமல் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு 'நிலைத்தெப்பம்' என்று பெயர். அண்மை ஆண்டுகளில் கால்வாய் சீர்திருத்தப்பட்டு வைகை நீர் வந்து சேர்ந்ததும் குளத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. பூசம், திருமலை நாயக்கரின் ஜன்ம நட்சத்திரம். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அலங்காரத் தெப்பத்தில் அமர, கரையில் நின்று ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். காலையில் இரண்டு சுற்று. இரவில் விளக்கொளியில் ஒரு சுற்று. மோட்டாரும் இல்லை, துடுப்பும் இல்லை. படகுக்கு எஞ்சின் மனிதர்களின் கைதான்!

படகு ஒன்று, பார்ப்பவர்கள் பல்லாயிரம். இத்தனை பேர் இடிபடாமல் பார்ப்பது எப்படி?

இதே கேள்வி இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரத்தையும் வாட்டுகிறது. தெருவெல்லாம் வாய்க்கால், காரும் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு ஏற வேண்டும். அதனால் அங்கே காமிராக்கள் வைத்து நடப்பவர்களையும் படகுகளையும் எண்ணுகிறார்கள். 2020-ல் இதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டு அறை திறந்தார்கள். 2018-ல் கூட்டத்தைத் திருப்பிவிடத் தடுப்புக் கதவுகள் வைத்துப் பார்த்தார்கள். 2024 ஏப்ரல் முதல், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு நாள் வந்து போகிறவர்களிடம் கட்டணமும் வாங்கத் தொடங்கினார்கள்.

கூட்டத்தைக் கணக்குப் போடுவது இன்று ஒரு தனி சாஸ்திரமாகிவிட்டது. 1995-ல் ஹெல்பிங், மோல்னார் என்ற இரு விஞ்ஞானிகள், நடக்கும் மனிதர் ஒவ்வொருவரையும் சில விசைகள் தள்ளுவதாகப் பாவித்துக் கணக்கு அமைத்தார்கள். போக வேண்டிய இடம் முன்னே இழுக்கிறது. பக்கத்தில் இருப்பவரும் சுவரும் விலக்குகின்றன. இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால், நிஜக் கூட்டம் போலவே பொம்மைக் கூட்டமும் நகர்கிறது. பிற்பாடு வந்த கணக்குகளில் ஒரு விசித்திரமும் தெரிந்தது: வாசலை நோக்கி எல்லோரும் அவசரப்பட்டால், வெளியேறுவது தாமதமாகிறது! சமையலறையில் இதைப் பார்த்திருப்பீர்கள். உளுந்தைப் புனலில் மெள்ளக் கொட்டினால் இறங்கும். ஒரேயடியாகக் கவிழ்த்தால் வாயில் அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

வண்டியூர்க் குளத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குளத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1,190 மீட்டர். கரையில் 5 மீட்டர் அகலத்துக்கு ஜனங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 6,000 சதுர மீட்டர் ஆகிறது. சதுர மீட்டருக்கு 2 பேர் என்றால் 12,000 பேர் குழந்தையும் கையுமாகச் சௌகரியமாக நிற்கலாம். ஆனால் தெப்பம் போகும் பக்கமே எல்லோரும் ஓடினால்? அந்த 12,000 பேரும் ஒரே கரையில், 1,500 சதுர மீட்டரில் சேருவார்கள். சதுர மீட்டருக்கு 8 பேர்! ஆறு, ஏழு பேருக்கு மேல் போனாலே மனிதர் தம் இஷ்டப்படி நகர முடியாது. அலை தூக்குவது போல் கூட்டம் தூக்கிக்கொண்டு போகும். மூச்சு விட மார்பு விரிய இடம் இருக்காது. நெரிசலில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, மூச்சு முட்டித்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. கொரோனாவால் இரண்டு வருஷம் ஜனங்கள் இல்லாமல் நடந்த சித்திரைத் திருவிழா, 2022-ல் மறுபடி வைகைக்கு வந்தது. ஏப்ரல் 16 விடியலில் அழகர் ஆற்றில் இறங்கினார். அந்தக் கூட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். சாமி பார்க்கப் போனவர் வீடு திரும்பவில்லை என்றால் அந்த வீட்டின் சித்திரை என்றைக்கும் பழைய சித்திரையாக இருக்குமா?

இரண்டு திருவிழாக்களையும் ஒப்பிட்டால் ஒரு நுட்பம் புலப்படும். தெப்பம் நாலு கரைக்கும் வருகிறது; அழகர் ஆற்றில் இறங்குவது ஓரிடம், ஒரு கணம். அங்கே எல்லோரும் சாமியை நோக்கிப் போகிறார்கள். இங்கே சாமி எல்லோரையும் நோக்கி வருகிறார். 'வலம்' என்ற ஒரே சொல்லில், ஒரே திசையில் போகும் ஒழுங்கை நம் முன்னோர் வைத்துவிட்டார்கள். மதுரையின் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எல்லாம் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்ததும் சாமி வலம் வரத்தானே?

குளக்கரையில் பொரிகடலை விற்கும் ஒரு பாட்டியிடம் கேட்டேன்: "தெப்பத்தன்னிக்கு எங்கே பாட்டி நிற்கிறது?"

"எங்கிட்டு வேணுமின்னாலும் நில்லு தாயி. நின்ன எடத்துலயே நில்லு. அம்மா மூணு தரம் சுத்தி வருவா. நீ எதுக்கு அவ பின்னால ஓடுற?" என்றார்.

கணக்கு முழுவதும் அதில் அடங்கிவிட்டது!

திருவிழாவுக்குப் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். குழந்தையின் மணிக்கட்டில் டெலிபோன் நம்பரை எழுதிவிடுங்கள். பிரிந்தால் எங்கே சேருவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். படித்துறையின் விளிம்பிலும் சுவரை ஒட்டியும் நிற்காதீர்கள். கூட்டம் நெருக்கினால் கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு இடம் கிடைக்கும். கீழே விழுந்தது செருப்போ சங்கிலியோ, குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், தள்ளல் ஓயும் இடைவெளியில் குறுக்கே சாய்வாக நகர்ந்து ஓரத்துக்கு வாருங்கள்.

அழகரைப் பார்க்க ஆற்றுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. வருகிற வழியிலும் போகிற வழியிலும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அவர் நின்று நின்று போகிறார். ஆற்றில் இறங்கிய பிறகு இரவு வண்டியூருக்கே வந்து தங்குகிறார். கைக்குழந்தைக்காரிக்கும் வயசான மாமியாருக்கும் அந்த மண்டகப்படி தரிசனமே போதும். நெரிசலில் தூரத்துக் குடையை மட்டும் பார்த்துவிட்டு வருவதைவிட, நிதானமாக முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா?