குட்டிச்சாத்தானுக்கு நான் வைத்த பெயர்

ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. இரண்டுமே எனக்குத் தாய்மொழி இல்லை. விவரம் தெரிந்தவர்கள் தங்கள் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்ப்பார்கள். நானோ சென்னையில் ஜெர்மன் படித்து, கல்யாணமாகி ஹாம்பர்க்குக்குக் குடிவந்து, குறைந்த கூலிக்குக் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டவள். வாஷிங் மெஷின் கையேடு, நாய்த்தீனிப் பொட்டலம், எதுவானாலும் சரி.

முதலில் சறுக்கியது தோட்டப் பொருள்கள் விற்கும் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில். ரோஜாச்செடியில் அசுவினி மொய்த்தால் தெளிக்கிற மருந்து அது. எல்லா வகை 'பெஸ்ட்'டையும் ஒழிக்கும் என்றது ஆங்கிலம். நம் ஊரில் பெஸ்ட் கண்ட்ரோல் என்கிறோமே, அதே பெஸ்ட். ஜெர்மனிலும் அதே எழுத்துகளில் ஒரு சொல் இருக்க, அப்படியே தூக்கி வைத்தேன். ஜெர்மனில் அதற்குப் பொருள் வேறு. 1347-இல் கப்பலேறி ஐரோப்பாவுக்குள் வந்து ஊர் ஊராகக் காலிசெய்த கொள்ளைநோய்க்குத்தான் அங்கே அந்தப் பெயர். "எங்கள் சரக்கு நல்ல சரக்குதான். இவ்வளவு நல்லதென்று எங்களுக்கே தெரியாது" என்று மெயில் வந்தது. அதன் நகல் அந்த அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் போயிருந்தது.

சிரித்துவிட்டார்களே என்று மானம் போனது. ராத்திரியே அகராதிகளோடு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் 'பிளேக்' என்றால் நோயும் ஆகும், வெட்டுக்கிளிக் கூட்டமும் ஆகும். 'பெஸ்ட்' என்றால் பூச்சியும் ஆகும், நச்சரிக்கிற ஆளும் ஆகும். ஜெர்மன்காரர்கள் அதையெல்லாம் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். பன்றிக்கு வரும் நோய் ஷ்வைனெபெஸ்ட். 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டுநோய் ரிண்டர்பெஸ்ட். 1947-இல் வெளிவந்த காம்யுவின் நாவல் ஜெர்மனில் 'டி பெஸ்ட்'. கொசுவும் வெட்டுக்கிளியும் படையெடுத்தால் அது 'பிளாகெ'. பைபிளில் எகிப்தின்மேல் இறங்கிய பத்து வாதைகளும் பிளாகெதான். பயிரைக் கெடுக்கும் பூச்சிக்கு 'ஷேட்லிங்' என்று பெயர். கேடு செய்வது என்று அர்த்தம்.

இனி ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. மொழிபெயர்ப்பு மென்பொருளின் சொற்பட்டியலில் 'பெஸ்ட்'டுக்கு நேரே 'ஷேட்லிங்' என்று ஏற்றினேன். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே தலைகாட்டினாலும் திரையில் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே விடையும் நிற்கும். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். எலிப்பொறி, எறும்புப் பொடி, நத்தை மருந்து என்று எத்தனையோ வந்தன. ஒரு புகார் இல்லை.

அப்புறம்தான் சின்னப் பதிப்பகம் ஒன்று குழந்தைகள் கதை ஒன்றைக் கொடுத்தது. வரிசையாக வரவிருந்த புத்தகங்களில் முதலாவது. நாய்த்தீனியை விட்டு இலக்கியத்துக்கு வந்துவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். கதையில் பாட்டி மாவு பிசைகிறாள். பேரன் அவள் ஏப்ரனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான். பாட்டி அவனை 'பெஸ்ட்' என்று செல்லமாக வைகிறாள். மஞ்சள் வந்தது. தட்டினேன்.

பதிப்பகத்துக்காக மெய்ப்புப் பார்த்தவர் வயதான அம்மா. ஃபோனில் கூப்பிட்டார். கோபமில்லாத குரல்.

"பன்னிரண்டாம் பக்கம். இந்தச் சொல்லைப் பாட்டி யாரைப் பார்த்துச் சொல்கிறாள்?"

"பேரனை."

"அவனுக்கு என்ன வயது?"

"ஆறு." சொல்லும்போதே எங்கேயோ இடறியது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அகராதியில் பார்த்துத்தான் போட்டேன். பூச்சிக்கு அதுதானே சொல்?"

"பூச்சிக்கு அதுதான்" என்றார். அந்தப் பக்கம் பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே, ஹிட்லர் அரசு 'ஃபோல்க்ஸ்ஷேட்லிங்' என்பவர்களுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. நாட்டை அரிக்கும் பூச்சிகளாம். இருட்டடிப்பு நேரத்தில் திருடினால் மரண தண்டனை வரைக்கும் அதில் இடமிருந்தது. ஆஷ்விட்ஸுக்குப் போன சைக்ளோன் பி விஷவாயுவை விற்ற கம்பெனியின் பெயரிலேயே 'ஷேட்லிங் ஒழிப்பு' என்று இருந்தது. "எங்கள் ஊரில் எந்தப் பாட்டியும் பேரனை அப்படிக் கூப்பிடமாட்டாள்" என்றார்.

ஃபோனைக் காதில் வைத்தபடியே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பாட்டியின் கையில் மாவு. ஏப்ரனைப் பற்றிய சின்ன விரல்கள். இரண்டுக்கும் நடுவே எறும்புப் பொடி டப்பாவிலிருந்து நான் எடுத்துவந்த சொல். எழுதும்போது இந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. அந்த மெயிலில் சிரித்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் அவரே 'பிளாகெகைஸ்ட்' என்று எழுதினார். தொல்லைப் பிசாசு. நம் வீடுகளில் குட்டிச்சாத்தான் என்கிறோமே, அதேதான். புத்தகம் வந்தது. பணமும் ஒழுங்காக வந்தது. அடுத்த புத்தகம் மட்டும் வேறொருவருக்குப் போனது. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையில் அந்த இரண்டாம் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். பொறாமைதான், வேறென்ன. பாட்டி திட்டுகிற இடத்தைத் தேடினேன். 'நெர்ஃபென்சேகெ' என்றிருந்தது. நரம்பை அறுக்கும் ரம்பம். ஓயாமல் பேசிக் கழுத்தறுக்கிறவனை ரம்பம் என்று காலேஜ் நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தவள்தான் நான்.