பிரித்தாலும் நூல் குறையாது

புனே நகரின் கட்கிப் பகுதியில் மார்கழிக் குளிர் இறங்கிய மாலை நேரம். ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி, தான் பின்னிய முதல் துண்டைப் புத்தகப் பைக்குள் மறைத்து வைத்தாள். நேராக நீண்டு கழுத்துத் துண்டாக வேண்டிய அது, அடியில் அகன்று மேலே குறுகி முக்கோணமாய் நின்றது. தொடங்கியபோது 20 கண்ணிகள் இருந்தன. இப்போது எண்ணினால் 9 கண்ணிகளே இருந்தன. மற்றவை எங்கே போயின என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்தக் கழுத்துத் துண்டு அவளுடைய ஆச்சிக்கானது. நாகர்கோவிலில் வாழ்ந்த ஆச்சி, ஐப்பசி மாதத்தில்தான் மகன் வீட்டோடு இருக்கப் புனேவுக்கு வந்தார். வந்த நாள்முதல் வீட்டுப் படியைத் தாண்டுவது அரிதாயிற்று. கடையிலும் பேருந்திலும் அடுத்த வீட்டிலும் மராத்தியே ஒலித்தது. ஆச்சிக்கோ தமிழன்றி வேறு மொழி தெரியாது. "இந்தக் குளிர் எனக்கு ஒத்துவரவில்லை. பொங்கலுக்குள் ஊருக்குப் போய்விடுகிறேன்" என்று அவர் மகனிடம் கூறியது சிறுமியின் காதில் விழுந்தது. குளிர்தான் காரணமென்றால் அதற்கு ஒரு வழி செய்யலாம் என்று அவள் எண்ணினாள்.

அடுத்த வீட்டு மூதாட்டியைச் சிறுமி 'ஆஜி' என்று அழைப்பாள். மராத்தியில் பாட்டிக்கு அதுவே பெயர். ஆஜி நாள்தோறும் வெயில் விழும் வாசலில் அமர்ந்து, இரண்டு நீண்ட ஊசிகளால் பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னுவார். ஒருநாள் ஆச்சி அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே சென்று, தம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு ஊசியைத் தேடி எடுத்து வந்தார். அதன் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. அதைக் கண்டதும் ஆஜியின் முகம் மலர்ந்தது. "குரோஷா!" என்றார். "ஆமாம், குரோஷா" என்றார் ஆச்சி. இருவருக்கும் பொதுவான முதற்சொல் அதுவே ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லே இக்கலைக்கும் பெயராகி, உலக மொழிகள் பலவற்றில் வழங்குகிறது.

ஆஜியின் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியின் மேல் வரிசையாகக் காத்திருக்கும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ள கண்ணிகளும் ஏணிப்படிபோல் ஒவ்வொன்றாக அவிழும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணி தொடங்கும். ஆகவே, தொடக்க நிலையினர் பலருக்கும் ஒற்றைக் கொக்கி எளிதாக அமைகிறது. சிறுமி ஆச்சியிடம் கொக்கி பிடிக்கக் கற்க விரும்பினாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

தந்தை அவளைத் துளசிபாக் கடைவீதிக்கு அழைத்துச் சென்றார். கறுப்பு நூலை எடுத்த பேத்தியை உடன் சென்ற ஆச்சி தடுத்தார். "மக்களே, கறுப்பில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறம் எடு" என்றார். நாஞ்சில் நாட்டு மூத்தோர் ஒரு பிள்ளையையும் அன்போடு 'மக்களே' என்றே அழைப்பர். பிசிறில்லாத, நடுத்தரத் தடிமனுள்ள, இளமஞ்சள் நிறக் கம்பளி நூலும் 5 மில்லிமீட்டர் கொக்கி ஊசியும் வாங்கினர்.

முதலில் நூலில் ஒரு சுருக்கு முடிச்சு. அதனைக் கொக்கியில் மாட்டி, நூலைக் கொக்கியின் மேல் சுற்றிச் சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. இவ்வாறு 21 சங்கிலிகள். கொக்கிக்கு அடுத்துள்ள முதற்சங்கிலியை விட்டு, இரண்டாவதில் கொக்கியை நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு கண்ணி முடியும். வரிசையின் இறுதிவரை சென்றால் 20 கண்ணிகள் கிடைக்கும். பின்பு ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி அடுத்த வரிசையைத் தொடங்கவேண்டும். சிறுமி நூலை இறுக்கி இழுத்தாள். கொக்கி நுழைய மறுத்தது. "நூலைப் பிடிக்காதே, விரல்மேல் ஓடவிடு" என்றார் ஆச்சி.

இப்படிக் கற்றவள்தான் முக்கோணத்தை ஒளித்து வைத்தாள். ஆயினும் ஆச்சி அதனைக் கண்டெடுத்தார். கோபிக்கவில்லை. ஓரத்தை விரலால் தடவி, "ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டாய்" என்றார். பின்பு நூலின் நுனியைப் பற்றி இழுத்தார். 11 வரிசைகளும் சரசரவென்று அவிழ்ந்தன. மூன்று நாள் உழைப்பு கண்முன்னே மறைவதைக் கண்ட சிறுமி அழுதாள்.

ஆச்சி அவிழ்ந்த நூலைப் பந்தாகச் சுற்றி அவள் கையில் வைத்தார். "நூல் எங்கும் போகவில்லையே, மக்களே. துணியை வெட்டினால் வெட்டியதுதான். பின்னலைப் பிரித்தாலும் நூல் குறையாது" என்றார். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆஜியும் "புன்ஹா!" என்றார். ஆச்சி பேத்தியை நோக்கினார். "'மறுபடியும்' என்கிறார், ஆச்சி" என்றாள் அவள். "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்று ஆச்சி சிரித்தார்.

அன்றிரவு ஆச்சி தம் ஊரைப் பற்றிக் கூறினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவர் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் அக்கலையைக் கொண்டு சென்றார். கல்விக்கும் கூலிக்கும் வழியில்லாதிருந்த பெண்களின் கையில் சொந்த ஊதியம் சேர்ந்தது.

தந்தை வேறொரு செய்தி கூறினார். 2016 ஜனவரி 31ஆம் நாள், சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய பெண்கள் குழுவினர், பலரும் பின்னிய பகுதிகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். அத்தனை பெரிய போர்வையும் ஒரு சுருக்கு முடிச்சிலிருந்தே தொடங்கியிருக்கும் என்று சிறுமி எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் மீண்டும் 21 சங்கிலிகள் போட்டாள். வரிசையின் முதற்கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்பு நூல் துணுக்குகளை அடையாளமாக மாட்டினாள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினாள். இன்னும் இருமுறை பிரிக்க நேர்ந்தது, அழவில்லை. இடையே ஆஜி கொக்கிப் பின்னல் கற்க வந்து அமர்ந்தார். ஆச்சி சொல்வதை மராத்தியிலும் ஆஜி கேட்பதைத் தமிழிலும் சிறுமி மாற்றிச் சொன்னாள். சுருக்கு, கண்ணி, திண்டு என அதுவரை அறியாத தமிழ்ச் சொற்கள் அவள் நாவில் ஏறின. தவறாகச் சொன்னால், மீண்டும் சொன்னாள்.

பொங்கலன்று இளமஞ்சள் கழுத்துத் துண்டு ஆச்சியின் தோளில் கிடந்தது. ஓரம் இரண்டோர் இடத்தில் சற்றே வளைந்திருந்தது. "எனக்காகவா பின்னினாய்?" என்று ஆச்சி அதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போகும் பேச்சை அவர் எடுக்கவில்லை. நண்பகலில் அடுத்த வீட்டிலிருந்து குரல் வந்தது. ஆச்சி கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு, பேத்தியை அழைக்காமல், தாமே படியிறங்கி நடந்தார். வாசலில் நின்ற சிறுமியின் காதில் ஆச்சியின் குரல் தெளிவாக விழுந்தது: "புன்ஹா, ஆஜி, புன்ஹா!"

சிந்தித்து விடை எழுதுக

1. சிறுமி பின்னிய முதல் துண்டு முக்கோணமானதன் காரணம் யாது? அதனை அவள் எவ்வாறு திருத்திக்கொண்டாள்?
2. ஆச்சி ஊருக்குத் திரும்ப விரும்பியதற்குக் குளிர் மட்டுமே காரணமா? உங்கள் கருத்தை எழுதுக.
3. உங்கள் வீட்டு மூத்தோரிடம் அவர்கள் அறிந்த ஒரு கைத்தொழிலைப் பற்றிக் கேட்டு, அதில் வழங்கும் ஐந்து தமிழ்ச் சொற்களைத் தொகுத்து எழுதுக.