தீயும் காற்றும் சந்திக்கும் மலையடிவாரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடர் சட்டென்று முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் இருக்கிறது போல்டர் நகரம். மேற்கே செங்குத்தாய் நிற்கும் சிவந்த பாறைகள். அவற்றின் அடியில் ஒரு மேட்டின் மேல், அதே பாறை நிறத்தில் தேசிய வளிமண்டல ஆய்வு மையம். கிழக்கே புல்வெளியும், ஊடே குடியிருப்புகளும்.

குளிர்காலத்தில் மேற்குக் காற்று மலைமுகட்டைத் தாண்டி, ஏரிக் கலிங்கில் விழும் தண்ணீர் போல வேகம் பிடித்து இறங்கும். 2021 டிசம்பர் 30 அன்று அது மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டியது. அந்த ஆண்டு வசந்தத்தில் நல்ல மழை, புல் செழித்தது. பிறகு மழையும் பனியும் பொய்த்து, நின்ற புல் அத்தனையும் சருகானது. மார்ஷல் தீ என்று பெயர் பெற்ற நெருப்பு சுமார் 6,000 ஏக்கரில் பரவி, 1,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே நாளில் அழித்தது. மறுநாள்தான் பனி கொட்டியது!

விசாரணையில் வெளிவந்த காரணம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஆறு நாள் முன்பு ஓரிடத்தில் குப்பையை எரித்து, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். காற்று மண்ணை வாரிக்கொண்டு போனதும் உள்ளே கனன்ற தணல் வெளியே வந்துவிட்டது. சற்றுத் தள்ளி இன்னோரிடத்திலும் தீப்பிடித்தது. அதற்கு மின்கம்பியிலிருந்து விழுந்த பொறியே காரணமாக இருக்கும் என்றார்கள்.

இப்படிப்பட்ட தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அந்த ஆய்வு மையத்தின் வேலைகளில் ஒன்று. பழைய கணக்கில் காற்றின் வேகம், நிலச்சரிவின் அளவு, புல்லின் ஈரம் ஆகியவற்றைக் கொடுத்தால் தீ பரவும் வேகம் விடையாக வரும். காற்று அங்கே மாறாத ஓர் எண். ஆனால் வைக்கோல் போர் எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெருப்பே காற்றைக் கிளப்பும். சூடான காற்று மேலே ஏற, அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடிவரும். 1990-களில் வந்த புதிய முறை, வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்று தீயைத் தள்ளுவதையும் தீ காற்றைத் திருப்புவதையும் மாறி மாறிக் கணக்கிடுகிறது. இந்த மையத்தின் விஞ்ஞானி ஜானிஸ் கோயன் இதில் நீண்டகாலம் உழைத்தவர்.

குறையும் உண்டு. இந்தக் கணக்குகள் புல், புதர், மரத்துக்காக எழுதப்பட்டவை. மார்ஷல் தீயிலோ வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியது நெருப்பு. புல்லின் ஈரத்தைத் தவறாகக் கொடுத்தால் எவ்வளவு பெரிய கணினியும் தவறான விடையைத்தான் தரும். தீயில் அடிபட்ட லூயிவில் நகரம், எரியக்கூடிய புல்லைக் குறைக்கத் தன் பொது வெளிகளில் மாடுகளை மேய விட்டது. கணினி இல்லாத காலத்திலேயே இருந்த வழிதான்.

2022 மார்ச் 26 அன்று, அந்த ஆய்வு மையத்தின் அருகிலேயே தீப்பிடித்தது. சுமார் 190 ஏக்கர் எரிந்தது. சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அன்று காற்று பெரிதாக இல்லை. ஒரு வீடும் எரியவில்லை.